துருவ ஆய்வு நிலையத்தில் முதல் முறை: விண்ணப்பம் முதல் ஒப்படைப்பு வரை

துருவ ஆய்வு நிலையத்துக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். குளிருக்கு உடை இருக்கிறது, உடைக்கு விதி இருக்கிறது, விதியைச் சொல்லிக்கொடுக்க ஆட்களும் இருக்கிறார்கள். புதியவர்கள் கற்றுக்கொள்ளச் சிரமப்படுவது வேறொரு விஷயம்: எதையும் தமக்குள் வைத்துக்கொள்ளாமல் அடுத்தவரிடம் சொல்லிவிடும் பழக்கம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம், எந்தப் பல் கூசுகிறது, எந்த விரல் மரத்துப்போயிருக்கிறது, எத்தனை இரவாகத் தூக்கமில்லை, எந்தக் குழாயில் எண்ணெய் கசிகிறது என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும்போது இவற்றை மறைத்தால் நஷ்டம் பெரும்பாலும் நமக்கு மட்டும்தான். அங்கே மறைத்தால் ஒரு நிலையமே மாட்டிக்கொள்ளும். விண்ணப்பம் போடுவதிலிருந்து பொறுப்பை ஒப்படைத்துத் திரும்புவது வரை கீழே வரிசையாகச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு பழக்கம் ஏறக்குறைய எல்லாப் படிகளிலும் தலைகாட்டும்.

எந்த நிலையம், எந்தப் பருவம்

அண்டார்க்டிகாவில் சுமார் 30 நாடுகள் ஏறத்தாழ 70 நிலையங்களை நடத்துகின்றன. கோடையில் கண்டம் முழுவதிலும் சேர்த்து 5,000 பேர் அளவுக்கு இருப்பார்கள். குளிர்காலத்தில் அது 1,000 பேராகச் சுருங்கிவிடும். ஒரு நிலையத்தின் வாழ்க்கைக்கும் இன்னொன்றின் வாழ்க்கைக்கும் சம்பந்தமே இருக்காது. ராஸ் தீவிலுள்ள அமெரிக்காவின் மக்மர்டோ, கோடையில் ஆயிரம் பேர் வரை தங்கும் சிற்றூர். பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து நடத்தும் கான்கோர்டியாவில் குளிர்காலம் முழுவதும் 12 முதல் 15 பேர்தான் இருப்பார்கள். அவர்களுக்கு அண்டைவீடு என்றால் சுமார் 600 கி.மீ. தொலைவிலுள்ள ரஷ்யாவின் வோஸ்டாக் நிலையம். 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸ் பதிவானது அந்த வோஸ்டாக்கில்தான். பிரிட்டனின் ரோதரா, ஆஸ்திரேலியாவின் டேவிஸ், இந்தியாவின் பாரதி போன்ற கடலோர நிலையங்களில் குளிர் இதைவிடக் குறைவு. ஆனால் காற்றும் புயலும் அதிகம்.

தென் துருவத்திலேயே இருக்கும் அமுண்ட்சென்–ஸ்காட் நிலையம் 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. துருவப் பகுதியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் உடல் அதை 3,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமாகவே உணரும். அங்கே ஆண்டுக்கு ஒரு சூரிய உதயம், ஒரு அஸ்தமனம். பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் கிளம்பிவிட்டால், அடுத்தது வர அக்டோபர் கடைசி ஆகிவிடும்.

முதல் முறை போகிறவர் கோடையைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேலை நெருக்கும், அறை நெருக்கும், சூரியன் பெரும்பாலும் மறையாது. ஆனால் ஒத்துவரவில்லை என்றால் திரும்பிவர வழி இருக்கும். குளிர்காலத்தில் அந்த வழி அடைபட்டுவிடும். ஒரு கோடையை முடித்த பிறகும் குளிர்காலம் தங்க ஆசை இருந்தால், அது தெரிந்து வருகிற ஆசை.

வேலைக்கு விண்ணப்பிப்பது

விஞ்ஞானியாக இருந்தால்தான் போக முடியும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் பெரிய நிலையங்களில் விஞ்ஞானிகளைவிட மற்றவர்களே அதிகம். டீசல் மெக்கானிக், பிளம்பர், எலக்ட்ரீஷியன், சமையல்காரர், மருத்துவர், ரேடியோ இயக்குபவர், கிரேன் ஓட்டுநர், மலையேற்ற வழிகாட்டி, கிடங்குப் பொறுப்பாளர் என்று பட்டியல் நீளும். தென் துருவத்தில் ஒரு கன கிலோமீட்டர் பனிக்குள் 5,160 உணரிகளைப் புதைத்து நியூட்ரினோ என்ற நுண்துகள்களைத் தேடும் ஐஸ்கியூப் ஆய்வகத்தைக் குளிர்காலத்தில் கவனித்துக்கொள்பவர்கள் வழக்கமாக இரண்டே பேர். அவர்கள் இருவருக்கும் சூடும் மின்சாரமும் கிடைப்பது ஜெனரேட்டர் அறையில் இருப்பவர்களால்.

ஆள் எடுப்பது அந்தந்த நாட்டின் துருவ அமைப்பு அல்லது அதன் ஒப்பந்த நிறுவனம். பிரிட்டிஷ் அண்டார்க்டிக் சர்வே, ஆஸ்திரேலிய அண்டார்க்டிக் பிரிவு, ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனம், இந்தியாவின் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் போன்றவை. கிளம்புவதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பே முயற்சியைத் தொடங்குங்கள். நேர்முகத் தேர்வில் தொழில்திறனைப் பார்ப்பார்கள். அதைவிடக் கூர்ந்து, நீங்கள் யாருடனாவது மனக்கசப்பு வந்தபோது என்ன செய்தீர்கள் என்பதைப் பார்ப்பார்கள். "எனக்கு யாருடனும் சண்டையே வந்ததில்லை" என்ற பதிலை அங்கே யாரும் நம்புவதில்லை. நடந்த ஒன்றை நேராகச் சொல்லி, எப்படித் தீர்த்தீர்கள் என்று விளக்குங்கள்.

மருத்துவப் பரிசோதனை

இந்தப் படியில்தான் பலருக்கு மறைக்கும் ஆசை வரும். தேர்வாகிவிட்டோம், ஒரு பழைய மூட்டுவலிக்காக வாய்ப்பை இழப்பதா என்று தோன்றும்.

1961-ல் நோவோலசாரெவ்ஸ்கயா நிலையத்தில் சோவியத் மருத்துவர் லியோனிட் ரோகொசொவுக்குக் குடல்வால் அழற்சி வந்தது. நிலையத்தில் அவரைத் தவிர வேறு மருத்துவர் கிடையாது. ஏப்ரல் 30 இரவில், மருத்துவம் தெரியாத தோழர்கள் கண்ணாடியும் கருவிகளும் பிடித்துக்கொள்ள, தன் வயிற்றைத் தானே கீறி அறுவை செய்துகொண்டார், பிழைத்தார். குளிர்காலம் தங்கும் ஆஸ்திரேலிய நிலைய மருத்துவர்கள் குடல்வாலை முன்பே அகற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற விதி இருக்கிறது. 2016 ஜூனில் தென் துருவத்திலிருந்து இரண்டு நோயாளிகளை மீட்க, கனடாவிலிருந்து சிறிய ட்வின் ஆட்டர் விமானங்களை வரவழைத்து, ரோதராவிலிருந்து கும்மிருட்டில் பறந்து போய் வந்தார்கள். ஒருவருடைய உடல்நிலைக்காகப் பல விமானிகள் உயிரைப் பணயம் வைக்கும் இடம் அது.

எனவே பரிசோதனையில் எல்லாவற்றையும் சொல்லுங்கள். பற்களை முழுமையாகச் சரிசெய்துகொள்ளுங்கள்; அரைகுறையாக முளைத்த ஞானப்பல், பழைய அடைப்பு இரண்டும் அங்கே தொல்லை கொடுக்கும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை முழுக் காலத்துக்கும் சற்று கூடுதலாகவும் எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். கண்ணாடி அணிபவர் இரண்டு ஜோடி கொண்டுபோக வேண்டும். குளிர்காலம் தங்குபவர்களுக்கு மனநலப் பரிசோதனையும் உண்டு. அதில் நல்ல பெயர் வாங்க நினைத்துப் பதில் எழுதாதீர்கள்.

வீட்டில் முடிக்க வேண்டியவை

வங்கி, வரி, வாடகை ஆகியவற்றைக் கவனிக்க ஒருவருக்கு எழுத்துபூர்வமாக அதிகாரம் கொடுங்கள். உயில் எழுதிவிடுங்கள். இவை எளிது.

குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேச வேண்டியது ஒன்று இருக்கிறது: நீங்கள் அங்கே இருக்கும்போது வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், உடனே உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, திரும்பி வந்த பிறகா? சொல்வதென்றால் யார் சொல்வது? குளிர்காலமானால் நீங்கள் வந்து சேர முடியாது. இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டுக் கிளம்புகிறவர்கள், ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் அந்தப் பக்கம் எதையோ மறைக்கிறார்களோ என்ற சந்தேகத்துடனேயே இருப்பார்கள். என்னைக் கேட்டால் உடனே சொல்லச் சொல்வதுதான் நல்லது, அதுவும் நிலையத் தலைவருக்கு முதலில் தகவல் தந்து, அவர் அருகில் இருக்கும்போது. ஆனால் இது அவரவர் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு.

தொடர்பு வசதி நிலையத்துக்கு நிலையம் மாறும். மக்மர்டோவில் 2022-ல் ஸ்டார்லிங்க் சோதனை முறையில் வந்தது. தென் துருவத்தில் செயற்கைக்கோள்கள் அடிவானத்துக்கு மேலே வரும் சில மணி நேரம்தான் இணையம் என்பது நெடுங்கால வழக்கம். தினமும் பேசுவேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒருநாள் தொடர்பு அறுந்தால் வீட்டில் பதறிவிடுவார்கள்.

மூட்டை கட்டுவது

கடும் குளிருக்கான மேலுடை, பூட்ஸ், கனத்த கையுறை ஆகியவற்றைப் பெரும்பாலான அமைப்புகள் தாமே தருகின்றன. கிளம்பும் ஊரிலேயே அவற்றைப் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். பூட்ஸை இரண்டு காலுறைகளுடன் போட்டு, கால்விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கூச்சப்படாமல் மாற்றிக் கேளுங்கள். இறுகிய பூட்ஸில் ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாத விரல் உறையும். நீங்களாகக் கொண்டுபோக வேண்டியது கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, நல்ல கூலிங் கிளாஸ், உதட்டுக் களிம்பு, தோல் வெடிப்புக்கான களிம்பு, உள்ளே போட்டுக்கொள்ள இலேசான உடைகள், பகலே மறையாத கோடையில் உறங்கக் கண்மறைப்பு. பருத்தி உள்ளாடைகளைத் தவிர்த்துவிடுங்கள். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும்.

பெட்டி மூடும் முன் ஒரு வேலை இருக்கிறது. 1991-ல் கையெழுத்தாகி 1998-ல் நடைமுறைக்கு வந்த, அண்டார்க்டிக் உடன்படிக்கையின் சுற்றுச்சூழல் நெறிமுறைப்படி, அந்தக் கண்டத்துக்கு உரியதல்லாத உயிரினம் எதையும் அனுமதியின்றிக் கொண்டுபோகக் கூடாது. நாய்கள்கூட 1994-க்குள் வெளியேற்றப்பட்டுவிட்டன. புல் விதை ஒன்று காலுறையில் ஒட்டிக்கொண்டு போனாலும் அது மீறல்தான். சட்டைப்பைகளை வெளியே இழுத்து வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். வெல்க்ரோ பட்டைகளை ஊசியால் கிளறுங்கள். பூட்ஸின் அடிப்பள்ளங்களைப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். முகாமுக்குப் போய்வந்த பழைய முதுகுப்பை இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். விதைகள் அதிகம் அடைந்திருப்பது அதில்தான்.

பயணம்

கிறைஸ்ட்சர்ச், ஹோபார்ட், கேப்டவுன், புன்டா அரீனாஸ் ஆகிய நான்கும் முக்கிய வாயில்கள். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மக்மர்டோவுக்கு சி-17 விமானத்தில் சுமார் 5 மணி நேரம், எல்சி-130 விமானத்தில் சுமார் 8 மணி நேரம். பாதி வழி போய், வானிலை கெட்டுத் திரும்பிவருவது சகஜம். அந்தப் பறப்பைப் பூமராங் என்கிறார்கள். எனவே இரண்டு நாளைக்கான மாத்திரை, உள்ளாடை, பல்துலக்கி ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டி சரக்கோடு கட்டப்பட்டுவிட்டால் உங்களிடம் வராது.

முதல் வாரம்

உயரமான நிலையத்துக்குப் போகிறவர்கள் முதல் மூன்று நாள் மெதுவாக நடக்க வேண்டும். தலைவலி, மூச்சுத்திணறல், குமட்டல், தூக்கத்தில் மூச்சு தடைபட்டு விழிப்பது எல்லாம் வரலாம். இளைஞர்களும் உடற்பயிற்சி செய்து உடம்பைக் கட்டாக வைத்திருப்பவர்களும்தான் இதை வெளியே சொல்லத் தயங்குகிறார்கள். நுரையீரலில் நீர் கோத்தால் சில மணி நேரத்தில் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். குளிர்ந்த காற்றில் ஈரம் இல்லாததால், தெரியாமலே உடல் வறண்டுபோகும். அதே வறட்சியால் உடம்பில் நிலைமின்சாரம் சேரும். கணினியையும் கருவிகளையும் தொடும் முன் நிலமிணைப்புள்ள உலோகத்தைத் தொட்டுவிடுங்கள்.

நுழைவாயிலருகே பெயர்ப்பலகை ஒன்று இருக்கும். பல நிலையங்களில் ஆளுக்கொரு பெயர் வில்லை கொக்கியில் தொங்கும். வெளியே கிளம்பும்போது உங்கள் வில்லையை ‘உள்ளே’ வரிசையிலிருந்து ‘வெளியே’ வரிசைக்கு மாற்றிவிட்டு, பக்கத்திலுள்ள பதிவேட்டில் எங்கே போகிறீர்கள், யாருடன், எந்த ரேடியோ, திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுத வேண்டும். சொன்ன நேரம் தாண்டினால் ரேடியோ அறை அழைக்கும். பதில் இல்லாவிட்டால் தேடுதல் குழு கிளம்பும். இதில் அதிகம் நடக்கும் தவறு, திரும்பி வந்தவர் வில்லையை மாற்ற மறப்பது. அவர் அறையில் போர்த்திக்கொண்டு உறங்கிக்கொண்டிருப்பார். அவரைத் தேடி ஆறு பேர் புயலில் இறங்கத் தயாராவார்கள். பூட்ஸைக் கழற்றும் முன் வில்லையை மாற்றுங்கள். இதை ஒரு நிபந்தனையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

உடுத்துவதும் உறைவதும்

மூன்று அடுக்கு என்பது எல்லாரும் சொல்வது: வியர்வையை வெளியேற்றும் உள்ளாடை, சூட்டைப் பிடித்துவைக்கும் நடு அடுக்கு, காற்றைத் தடுக்கும் மேலுடை. அதில் சொல்லாமல் விடுபடுவது வியர்வையைப் பற்றிய பயம். மண்வாரியால் பனியை அள்ளத் தொடங்கும் முன்பே நடு அடுக்கைக் கழற்றுங்கள் அல்லது ஜிப்பைத் திறந்துவிடுங்கள். தொடங்கும்போது இலேசாகக் குளிர வேண்டும். நன்றாகச் சூடேறி வியர்த்த பிறகு வேலையை நிறுத்தினால், ஈரம் அப்படியே உடம்பைக் குளிர்விக்கும்.

காற்றைக் கணக்கில் எடுங்கள். மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 40 கி.மீ. வேகக் காற்று வீசினால், வெறும் தோலுக்கு அது மைனஸ் 34 போல இருக்கும். மைனஸ் 30-ல் அதே காற்று மைனஸ் 48 போல. அப்போது திறந்த தோல் 10 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கும்.

கையுறை விஷயம் தனி. மெல்லிய உள்ளுறை ஒன்று, அதற்கு மேலே விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன். திருகாணி முடுக்க வேண்டியிருந்தால் மிட்டனை மட்டும் கழற்றி, உள்ளுறையோடு வேலை செய்து, உடனே திரும்ப நுழைத்துக்கொள்ள வேண்டும். மிட்டன்களைக் கழுத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். காற்று பறித்துக்கொண்டு போன மிட்டனைத் துரத்திப் பிடிக்க முடியாது. வெறும் கையால் உலோகத்தைத் தொடாதீர்கள். ஆணியை வாயில் கவ்வும் பழக்கமுள்ளவர்கள் கிளம்பும் முன்பே அதை விட்டுவிட வேண்டும். பேட்டரிகள் குளிரில் சட்டென்று இறங்கிவிடும் என்பதால் ரேடியோவின் மாற்று பேட்டரியை உள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை உள்ளே கொண்டுவரும் முன், வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவிட்டால் லென்ஸில் நீர் கோக்காது.

குளிரில் தோல் உறைவதுதான் பனிக்கடி. அதன் தொடக்கத்தை, அது வந்தவர் உணர்வதில்லை. எதிரில் நிற்பவர் பார்ப்பார். கன்னத்திலோ மூக்கு நுனியிலோ மெழுகு போல வெளுத்த ஒரு புள்ளி. அதனால்தான் இருவர் இருவராகப் போவது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, வெளுப்புத் தெரிந்தால் "உங்கள் வலது கன்னம்" என்று சொல்ல வேண்டும். சொல்லப்பட்டவர் கையுறையைக் கழற்றி, வெதுவெதுப்பான உள்ளங்கையை அங்கே வைத்து அழுத்த வேண்டும். தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது பழைய தவறான யோசனை. விரல் கெட்டியாக உறைந்துவிட்டால் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் இளக வைப்பார்கள். ஆனால் மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால் அதையும் செய்யக் கூடாது, ஏனெனில் இளகி மீண்டும் உறைவது அதிகம் சிதைக்கும். உங்கள் துணை தடுமாறி நடந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, பொத்தான் போட முடியாமல் திணறினாலோ, உடல்வெப்பம் குறைகிறது என்று பொருள். அவர் "ஒன்றுமில்லை" என்று சொல்வதைக் கேட்காதீர்கள், கூட்டிக்கொண்டு திரும்புங்கள்.

கண்ணையும் மறக்காதீர்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஓசோன் ஓட்டை பெரிதாக இருக்கும் காலம். பனி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். மேகமூட்டமான நாளிலும் கண்ணாடி தேவை. பனிக்குருடு சில மணி நேரம் கழித்து, கண்ணில் மணல் விழுந்தது போன்ற எரிச்சலோடு வரும்.

வெளியே போவது

மக்மர்டோ பகுதியில் சிவப்பு, பச்சைக் கொடிகள் பாதுகாப்பான வழியைக் குறிக்கும். கறுப்புக் கொடி ஆபத்து. கறுப்புக் கொடிக்கு அப்பால் பனிப்பிளவோ மெல்லிய கடற்பனியோ இருக்கும், மேலே பார்க்க எதுவும் தெரியாது. அங்கே வானிலையை மூன்று நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றில் மிக மோசமானதான முதல் நிலை அறிவிக்கப்பட்டால் கட்டடத்தை விட்டு வெளியே வரவே கூடாது. மற்ற நிலையங்களிலும் இதற்கு ஈடான விதிகள் உண்டு. ஒயிட் அவுட் எனப்படும் நிலையில் தரையும் வானமும் ஒரே வெள்ளையாகிக் காலடியும் தெரியாது. இரண்டு கட்டடங்களுக்கிடையே கட்டியிருக்கும் கயிறு அதற்காகத்தான். இருபது மீட்டர்தானே என்று கயிற்றை விடாதீர்கள்.

1960 அக்டோபரில் ஜப்பானின் ஷோவா நிலையத்தில் ஷின் ஃபுகுஷிமா என்ற ஆய்வாளர் பனிப்புயலில் கட்டடத்தை விட்டு வெளியே சென்று வழிதவறினார். அவர் உடல் 1968-ல்தான் கிடைத்தது, நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்.

கூடாரத்திலும் சிறு குடில்களிலும் இன்னொரு ஆபத்து இருக்கிறது. 1934-ல் அமெரிக்கக் கடற்படையின் ரிச்சர்ட் பேர்ட், முன்னணி முகாம் ஒன்றில் குளிர்காலத்தைத் தனியே கழித்தார். அடுப்புப் புகையும் ஜெனரேட்டர் புகையும் சரியாக வெளியேறாமல் கார்பன் மோனாக்சைடு நஞ்சேறிப் படுத்துவிட்டார். தன்னை மீட்க இருட்டில் ஆட்கள் கிளம்பி உயிரிழக்கக் கூடாதென்று ரேடியோவில் நோயை மறைத்தார். செய்திகள் குழறுவதைக் கவனித்துத் தலைமை முகாமில் இருந்தவர்களே ஊகித்தார்கள். ஆகஸ்டில் மூவர் போய்ச் சேர்ந்தார்கள். நல்ல நோக்கத்தோடு மறைத்தாலும் மறைப்பு மறைப்புதான்: அந்த மூவரும் கடைசியில் இருட்டில்தான் போக வேண்டியிருந்தது. அடுப்பு எரியும்போது காற்றுத்துளையைத் திறந்து வையுங்கள், பனி அதை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், தலைவலி வந்தால் உடனே சொல்லுங்கள்.

ஆர்க்டிக்கில் இதோடு பனிக்கரடி சேரும். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளிலுள்ள நி-ஒலசுண்ட் ஆய்வு மையத்தில் குடியிருப்பை விட்டு வெளியே போகத் துப்பாக்கிப் பயிற்சி வேண்டும். கரடி துரத்தினால் யாரும் நுழைந்து தப்பிக்க வசதியாகக் கட்டடக் கதவுகளைப் பூட்டுவதில்லை. அங்குள்ள ரேடியோ தொலைநோக்கிக்காக அலைபேசியின் வைஃபை, புளூடூத் ஆகியவற்றை அணைத்து வைக்கச் சொல்வார்கள்; அதையும் மதியுங்கள்.

நெருப்பு

துருவ நிலையத்தில் பலரும் முதலாவதாகப் பயப்படுவது நெருப்புக்கு. காற்று வறண்டது, கட்டடங்களில் எரிபொருள் ஓடுகிறது, தண்ணீரோ உறைந்துகிடக்கிறது. 2008-ல் ரஷ்யாவின் ப்ரோக்ரெஸ் நிலையத் தீயில் ஒருவர் இறந்தார். 2012 பிப்ரவரி 25 அன்று பிரேசிலின் கமாண்டாண்ட்டே ஃபெராஸ் நிலையத்தில் ஜெனரேட்டர் அறையில் தொடங்கிய தீ, இருவர் உயிரைக் குடித்து நிலையத்தின் பெரும்பகுதியை அழித்தது.

எனவே மருத்துவரானாலும் விஞ்ஞானியானாலும் தீயணைப்புக் குழுவில் ஒரு பொறுப்பு உங்களுக்கு வரும். முதல் நாளே உங்கள் அறையிலிருந்து இரண்டு வெளிவழிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நடந்து பழகுங்கள். உறங்கும்போது மேலுடை, பூட்ஸ், மிட்டன் ஆகிய மூன்றும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பைஜாமாவோடு மைனஸ் 40-ல் தப்பித்து வந்தவர் தப்பித்தவர் ஆகமாட்டார். அவசரக் குடில் எங்கே, அதன் தனி ஜெனரேட்டரை யார் இயக்குவார்கள் என்று கேட்டு வையுங்கள். கருகல் வாடை வந்தால், நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று காத்திருக்காமல் எச்சரிக்கை மணியை அழுத்துங்கள். பொய் எச்சரிக்கைக்காக உங்களை யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தால் அது அவர்கள் தவறு.

தண்ணீர், குப்பை, முறைவேலை

தென் துருவத்தில் ஜெனரேட்டரின் வீண்வெப்பத்தைக் கொண்டு பனிக்குள் கிணறு உருக்கி நீர் எடுக்கிறார்கள். எரிபொருள் இல்லாமல் தண்ணீர் இல்லை. எனவே வாரத்துக்கு இரண்டு குளியல், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். உடம்பை நனைத்துக் குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசுங்கள்.

குப்பையைப் பலவகையாகப் பிரித்துக் கப்பலில் திருப்பியனுப்புவார்கள். பிரிப்பது புரியாவிட்டால் கேளுங்கள். எரிபொருள் ஒரு கோப்பை சிந்தினாலும் தெரிவிக்க வேண்டும். பனியைத் தோண்டி எடுத்துப் பீப்பாயில் அடைப்பார்கள். காலால் பனியைத் தள்ளி மூடுவது மன்னிக்க முடியாத காரியம். பென்குயின், சீல் ஆகியவற்றிடமிருந்து குறைந்தது 5 மீட்டர் விலகியிருங்கள். 2024 பிப்ரவரியில் கண்டத்தின் பெருநிலத்திலும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் உறுதியானது. இறந்த பறவையைத் தொடாமல் இடத்தைக் குறித்துச் சொல்லுங்கள்.

பாத்திரம் கழுவுவது, கழிவறை துடைப்பது, பனி உருக்கியில் பனி அள்ளிப் போடுவது ஆகிய முறைவேலைகள் பதவி பார்க்காமல் வரும். ஆஸ்திரேலிய நிலையங்களில் சமையலறை உதவிக்கு ஸ்லஷி என்று பெயர். தென் துருவத்தில் வாராந்திரச் சுத்தத்துக்கு ஹவுஸ் மவுஸ் என்று பெயர். புதியவர் ஒருவரைப் பற்றி நிலையம் ஓர் அபிப்பிராயத்துக்கு வருவது பெரும்பாலும் இந்த வேலையை வைத்துத்தான்.

இருட்டும் மனிதர்களும்

குளிர்காலம் தங்கியவர்களிடம் தைராய்டு ஹார்மோன் மாற்றம், தூக்கக் கோளாறு, மறதி, எரிச்சல் ஆகியவை பதிவாகியிருக்கின்றன. அறைக்குள் நுழைந்து எதற்கு வந்தோம் என்று நிற்பதும், பேச்சின் நடுவே சொல் கிடைக்காமல் தடுமாறுவதும் நடக்கும். இது பைத்தியம் இல்லை. இருட்டுக்கு உடல் காட்டும் எதிர்வினை. நீங்களே கவனித்ததை மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

செய்யக்கூடியவை சில. ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், வேலை இல்லாத நாளிலும். காலையில் பிரகாசமான விளக்கின் முன் உட்காருங்கள். மருத்துவர் சொல்லும் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு வேளையாவது எல்லாரோடும் சேர்ந்து சாப்பிடுங்கள். தட்டை அறைக்கு எடுத்துப்போவது தொடர்ந்தால் அது ஓர் அறிகுறி, உங்களுக்கானாலும் அடுத்தவருக்கானாலும். சில நிலையங்களில் செடி வளர்க்கும் அறை உண்டு. அங்கே முறைவேலை கிடைத்தால் விடாதீர்கள். ஜூன் 21 நடுக்குளிர்கால விருந்துக்கு நிலையங்கள் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பிக்கொள்ளும். அதற்கு முன்பாகவே ஏதாவது செய்யத் தொடங்குங்கள், ஏனெனில் விருந்து முடிந்து, இன்னும் பாதி இருக்கிறது என்று உறைக்கும் வாரங்கள்தான் பலருக்கும் கடினம்.

சண்டை வரும். காரணம் அற்பமாக இருக்கும்: ஒருவர் கரண்டியைத் தட்டும் சத்தம், ஒருவர் சிரிப்பு, ஒருவர் சொன்ன கதையையே சொல்வது. இரண்டு நாளைக்குள், தனியாக, நேரில் பேசிவிடுங்கள். துண்டுச்சீட்டு எழுதி ஒட்டாதீர்கள், மூன்றாவது ஆளிடம் புலம்பி அணி சேர்க்காதீர்கள். பன்னிரண்டு பேர் இருக்கும் இடத்தில் நான்கு பேர் அணி என்பது பெரும் பிளவு. மதுவை அளவோடு நிறுத்துங்கள். முடியவில்லை என்று தெரிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஒன்றைச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2022-ல் வெளியிட்ட அறிக்கை, அந்த நாட்டு நிலையங்களில் பாலியல் தொல்லை பரவலான பிரச்சினை என்று காட்டியது. கிளம்பும் முன், புகார் யாரிடம் செல்லும், நிலையத் தலைவரே புகாருக்கு உரியவரானால் நிலையத்துக்கு வெளியே யாரைத் தொடர்புகொள்வது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேறொருவருக்கு நடப்பதைப் பார்த்தால் அவரைத் தனியே விடாதீர்கள். நிலையத்தின் நல்லபெயருக்காக மௌனமாக இருக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் சொல்வது தவறு.

ஒப்படைத்துத் திரும்புவது

முதல் விமானம் வரும்போது புதியவர்களோடு சளியும் வரும். மாதக்கணக்கில் புதுக் கிருமி எதையும் காணாத உடம்பு உடனே படுத்துவிடும். கைகழுவுவதில் கவனமாக இருங்கள்.

ஒப்படைப்புக் குறிப்பைக் கடைசி வாரத்தில் தொடங்காதீர்கள். நடுக்குளிர்காலத்திலிருந்தே எழுதி வாருங்கள். கையேட்டில் இருப்பதைத் திரும்ப எழுத வேண்டாம். எந்த வால்வு எதிர்ப்பக்கம் திரும்பும், பம்ப் எந்தச் சத்தம் போட்டால் பயப்பட வேண்டும், மாற்று ஃபியூஸ் எந்த அலமாரியின் பின்னால் இருக்கிறது, நீங்கள் கம்பி கட்டித் தற்காலிகமாகச் சரிசெய்தது எங்கே எங்கே என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை எழுதத்தான் கை வராது; முறையற்ற வேலை என்று தோன்றும். அடுத்த குளிர்காலத்தில் அது பிய்ந்துகொள்ளும்போது, உங்கள் இடத்தில் நிற்பவருக்கு வேறு வழி இருக்காது.

புதியவரோடு குறைந்தது சில நாள் கூடவே வேலை செய்யுங்கள். முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள், பிறகு அவர் செய்யட்டும், நீங்கள் பேசாமல் நில்லுங்கள். பழுதானவை, தீர்ந்துபோனவை, சிந்தியவை எல்லாவற்றையும் பட்டியலிட்டு, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை நிலையத் தலைவரிடம் கொடுத்துவிட்டு, பெயர்ப்பலகையில் உங்கள் வில்லையைக் கழற்றி ஒப்படைத்த பிறகு விமானத்தில் ஏறுங்கள்.